போஸ்ட்கார்டுக்கு மார்க் கிடையாது: நீலகிரியில் போட்டோகிராபியைப் பாடமாக எடுப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பதினோராம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாளே ஒன்று கேட்பேன். அவரவருக்குப் பிடித்த, அவரவர் எடுத்த பத்துப் படங்களைப் பென்டிரைவில் கொண்டுவர வேண்டும். தொட்டபெட்டாவில் சூரிய உதயம், லேம்ப்ஸ் ராக்கில் மேகம், தேயிலைச் சரிவில் ஒற்றை சில்வர் ஓக், வளைவில் திரும்பும் மலை ரயில். பத்துக்கு எட்டு இவைதான். எது யாருடையது என்று எழுதி ஒட்டாவிட்டால் எனக்கே தெரியாது. குன்னூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, கோடை விடுமுறைக்கு வந்த சுற்றுலாக்காரர் நிற்கும் அதே இடத்தில் நின்று அதே படத்தை எடுத்திருக்கும்.

படங்கள் மோசமில்லை. ஆனால் இந்தப் பாடத்தில் அவற்றுக்கு மார்க் விழாது. எதற்கு விழும், இரண்டு வருடத்தை எப்படி நடத்துவது என்பதைச் சொல்கிறேன்.

பாடம் எங்கே இருக்கிறது

மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னுக்கு நாம் வழக்கமாக எடுக்கும் குரூப்புகளில் போட்டோகிராபி இல்லை. சி.பி.எஸ்.இ.யில் மாஸ் மீடியா ஸ்டடீஸ் என்று ஒரு திறன் பாடம் உண்டு. ஆனால் அது ஊடகம் முழுவதையும் தொட்டுச் செல்லும் பாடம். ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) பாடத்திட்டத்தில் விஷுவல் ஆர்ட்ஸ் எடுத்து, கேமராவையே உங்கள் கருவியாக வைத்துக்கொள்ளலாம். பிளஸ் டூ நிலையிலுள்ள கேம்பிரிட்ஜ் ஏ லெவலில் ஆர்ட் அண்ட் டிசைன் பாடத்துக்குள் போட்டோகிராபியை எடுத்துச் செய்யலாம். பாட எண் 9479. மலையில் போர்டிங் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை, ஊட்டியிலும் கோடைக்கானலிலும் இந்த இரண்டு பாடத்திட்டங்களும் கிடைக்கின்றன.

நான் நடத்துவது கேம்பிரிட்ஜ் என்பதால் அதன் அமைப்பைச் சொல்கிறேன். முதல் வருடம் இரண்டு வேலை. ஒன்று, நீங்களே தலைப்பெடுத்துச் செய்யும் கோர்ஸ்வொர்க். இன்னொன்று, அங்கிருந்து வரும் தாளில் உள்ள தலைப்புகளில் ஒன்றை எடுத்து, தயாரிப்புப் பணிகளை முன்கூட்டியே முடித்துவிட்டு, 15 மணி நேரம் கண்காணிப்பில் உட்கார்ந்து இறுதிப் படைப்பைச் செய்வது. இரண்டாம் வருடம் பர்சனல் இன்வெஸ்டிகேஷன்: ஒரே தலைப்பில் நீண்ட செய்முறை வேலை, கூடவே 1000 முதல் 1500 சொற்களில் ஒரு கட்டுரை. ஏ லெவல் மதிப்பில் பாதி இதற்குத்தான்.

சேர்வதற்கு முன் பள்ளியில் ஒரு கேள்வி கேளுங்கள்: “போன வருடத்துப் பிள்ளைகளின் ஒர்க்புக் ஒன்றைப் பார்க்கலாமா?” ஒர்க்புக் என்பது படங்களும் சோதனைகளும் குறிப்புகளும் சேர்ந்த நோட்டு. அதை எடுத்துக் காட்டினால் சேருங்கள். கேமரா அறையையும் கம்ப்யூட்டரையும் மட்டும் சுற்றிக் காட்டினால் யோசியுங்கள்.

மார்க் எங்கே ஒளிந்திருக்கிறது

திருத்துபவர் பார்ப்பது நான்கு விஷயம். பார்த்ததையும் தோன்றியதையும் பதிவு செய்தீர்களா, கருவிகளையும் முறைகளையும் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்களா, யோசனையை வளர்த்துக்கொண்டு போனீர்களா, கடைசியில் உங்களுக்கே உரிய ஒன்றை முன்வைத்தீர்களா. முடிந்த படம் நான்காவதில்தான் வருகிறது. முதல் மூன்றும் ஒர்க்புக்கில் கிடக்கின்றன. கணக்குப் பரீட்சையில் ஸ்டெப் போடாமல் விடையை மட்டும் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்.

என் முதல் பேட்சில் ஒரு பையன் இருந்தான். கை அப்படி ஒரு கை. பிரேம் போட்டு மாட்டுகிற மாதிரி இருபது படம் வைத்தான். ஒவ்வொன்றுக்கும் கீழே “அவலாஞ்சி, காலை 6.10” என்பதுபோல ஒரு வரி, அத்தோடு சரி. சுமாராக எடுத்தாலும் தன் தடுமாற்றங்களையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி வைத்த பெண் அவனைவிட நல்ல மார்க் வாங்கினாள். அவன் என்னிடம் சண்டைக்கு வரவில்லை, வந்திருக்கலாம். படங்களின் அழகில் மயங்கி ஒர்க்புக்கைத் திறந்து பார்க்காமல் விட்டது நான்தான்.

கேமரா

விதிமுறை இன்ன கேமரா என்று கேட்பதில்லை. ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) இரண்டையும் கையால் மாற்றவிடும் போன் இருந்தாலே முதல் ஆறு மாதம் ஓடிவிடும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பழைய டி.எஸ்.எல்.ஆர். உடல் ஒன்று, 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, தடுமாறாமல் நிற்கும் டிரைபாட் ஒன்று. ஜூம் லென்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஜூம் இல்லாவிட்டால் கிட்டே போகக் காலால்தான் நடக்க வேண்டும், அந்த நடையில்தான் எங்கே நிற்பது என்று தெரிய ஆரம்பிக்கும். முதுமலையில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த மா. கிருஷ்ணன், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே செய்துகொண்ட கருவிக்கு ‘சூப்பர் பொண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அதன் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் புது மாடல் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடிக்க வாய் வராது.

மலையில் கேமராவுக்கு முதல் எதிரி பூஞ்சை. தென்மேற்குப் பருவமழை முழுவதும் லென்ஸைத் தோல் பையில் போட்டு அலமாரியில் வைத்தேன். செப்டம்பரில் எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி ஒரு படலம். துணியால் துடைத்துப் போகிற அழுக்கல்ல அது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், வாரம் ஒருமுறை வெளியே எடுத்து வெளிச்சம் காட்டுவது, இவ்வளவுதான் வைத்தியம். அடுத்தது பனி. குளிரிலிருந்து அடுப்பு எரியும் அறைக்குள் வந்ததும் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். வெளியே இருக்கும்போதே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தால் நீர் பையின் மேல் நிற்கும். உறைபனிக் காலையில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இன்னொன்றை ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், உடம்புச் சூடு போதும்.

முதல் மூன்று மாதம்: மூடுபனிதான் வாத்தியார்

சமவெளிப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு, வாசலிலேயே மூடுபனி. எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு எதுவும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பனியைக் காட்டினால் அழுக்குச் சாம்பல். மழையில் நனைந்த கறுப்புக் கம்பளியைக் காட்டினால் அதுவும் சாம்பல்.

ஒரு காலை இதைச் செய்து பாருங்கள். பனி இறங்கும் நேரத்தில் ஒரே இடத்தில் டிரைபாடை நிறுத்துங்கள். மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டி ஒன்று, ஒன்றரை கூட்டி ஒன்று, ஒரு ஸ்டாப் குறைத்து ஒன்று. நான்கையும் ஒரே பக்கத்தில் ஒட்டி, எது உங்கள் கண் பார்த்ததற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். பெரும்பாலும் கூட்டியதுதான் வெள்ளையாக நிற்கும். குறைத்தது இருண்டு கிடக்கும். ஆனால் சாவு வீட்டுக் காலையை எடுக்க வேண்டியிருந்தால் அந்த இருண்டதே சரியான படமாகலாம், அதையும் எழுதுங்கள். மார்க் போடுபவர் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

ஷட்டருக்கு மலை ரயில் இருக்கிறது. பல்சக்கரத் தண்டவாளத்தில் அது ஏறுவதே சைக்கிள் வேகம். 1/500 வினாடியில் எடுத்தால் ரயில் நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். 1/15க்கு இறக்கி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தோடு கேமராவையும் கூடவே திருப்பினால் முகம் நிற்கும், மரங்கள் ஓடும். முதல் நாள் முப்பது எடுத்தால் ஒன்று தேறும். தேறாத இருபத்தொன்பதையும் அழிக்காதீர்கள்.

மழையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும்போது கோத்தகிரியில் வெயில் அடிக்கும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி நனையும். எந்த மாதம் எந்தப் பக்கம் போவது என்பதை இதை வைத்துத் திட்டமிடுங்கள்.

தலைப்பு பிடிப்பது

பிள்ளைகள் அதிகம் தவிக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். “இயற்கை”, “நீலகிரியின் அழகு”, “முகங்கள்” இவையெல்லாம் தலைப்புகள் இல்லை. கடைப் பெயர்ப் பலகைகள். தலைப்பென்றால் நீங்கள் திரும்பத் திரும்பப் போகக்கூடிய இடமாகவோ ஆளாகவோ பொருளாகவோ இருக்க வேண்டும். என் கணக்கு எளிது: வாரம் இரண்டு முறை நடந்தோ பஸ்ஸிலோ போக முடியாத தலைப்பை எடுக்காதீர்கள்.

சில வருடம் முன்பு ஒரு பெண். அவள் அம்மாவுக்குப் பள்ளி மெஸ்ஸில் வேலை. பாட்டி, டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத் தோட்டத்து லைன் வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு).

“மிஸ், கொழுந்து பறிக்கிறவங்களை எடுக்கப்போறேன்.”

“ஏன்மா?”

“அழகா இருக்கும் மிஸ். பச்சை, கலர் சேலை, முதுகுல கூடை.”

“உங்க பாட்டியும் பறிச்சவங்கதானே. அழகா இருந்துச்சுன்னு அவங்க சொல்வாங்களா?”

பதில் சொல்லாமல் போனாள். அடுத்த வாரம் வந்தாள்.

“பாட்டி கேமரா முன்னாடி உட்காரவே மாட்டேங்குது மிஸ். வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் போட்டோ எடுத்துச்சாம். இலங்கையிலேர்ந்து வர்றப்போ, பாஸ்போர்ட்டுக்கு. அன்னிக்குப் பூரா அழுதுச்சாம்.”

1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்களில் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மலைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அரசுத் தேயிலைத் தோட்டங்களே தொடங்கப்பட்டன. அந்தப் பாஸ்போர்ட் தகரப் பெட்டியில் இன்னும் இருந்தது. தலைப்பு கிடைத்துவிட்டது.

முதலில் பாஸ்போர்ட்டில் போட்டோ இருந்த பக்கத்தை மட்டும் எடுத்தாள், வடக்கு ஜன்னல் ஓரத்தில் வைத்து, எதிர்ப்பக்கம் தெர்மகோல் அட்டையைச் சாய்த்து. பிளாஸ்டிக் உறையில் வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. அட்டையை நகர்த்தி நகர்த்தி ஏழு படம். பிறகு பெட்டி, பூட்டு, பாட்டியின் கை. பாட்டி கையைக் காட்டச் சம்மதித்தார், முகத்தை இல்லை. இரண்டு மாதம் கழித்து லைன் வீட்டு நடைபாதையில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஸ்டூல் போட்டு, அக்கம்பக்கத்து முதியவர்களைப் பாஸ்போர்ட் படம் போலவே நேராக உட்காரவைத்தாள். ஒரே நிபந்தனை: அங்கிருந்து கொண்டுவந்த பொருள் ஒன்று மடியில் இருக்க வேண்டும். பாக்குவெட்டி, அலுமினியத் தூக்கு, முருகன் படம். கடைசியில் பாட்டியும் வந்து உட்கார்ந்தார், தானாகவே. பன்னிரண்டு படங்களையும் பெரிதாக அச்சிடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. பாஸ்போர்ட் அளவிலேயே, கட்டைவிரல் அகலத்துக்கு அச்சிட்டு, நீண்ட வெள்ளை அட்டையில் ஒரே வரிசையாக ஒட்டினாள். பார்க்கிறவர் குனிந்து மூக்கு ஒட்டும் அளவுக்குப் போனால்தான் முகம் தெரியும். அவள்தான் சரி.

ஒர்க்புக்

எடுத்த அன்றே எழுதுங்கள். எடுத்தவை எல்லாவற்றையும் சின்னச் சின்னதாகக் கான்டாக்ட் ஷீட்டாக அச்சிட்டு ஒட்டி, சிவப்புப் பேனாவால் வட்டமும் அடித்தலும் போடுங்கள். குறிப்பு எழுதும்போது “இந்தப் படம் எனக்கு மிகவும் பிடிக்கும், வெளிச்சம் நன்றாக உள்ளது” என்பதால் ஒரு பயனும் இல்லை. அதே பெண் எழுதியது இப்படி: “1/60, எஃப் 4. பாட்டி கை ஆடியதால் விரல் கலங்கிவிட்டது. முதலில் அழிக்க நினைத்தேன். ஆனால் பூட்டு கூர்மையாக, கை மங்கலாக இருப்பது நன்றாக இருக்கிறது. அடுத்த வாரம் 1/15ல் வேண்டுமென்றே செய்து பார்க்கிறேன்.” என்ன நடந்தது, ஏன், அடுத்து என்ன என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பதால் தயங்காதீர்கள். முதலில் தமிழில் கிறுக்கிவிட்டு ராத்திரி மாற்றிக்கொள்ளலாம்.

வேறு முறைகளையும் தொட்டுப் பாருங்கள்

டிஜிட்டலோடு மட்டும் நின்றால், முறைகளைச் சோதித்துப் பார்க்கும் அந்த இரண்டாவது விஷயத்தில் மார்க் குறையும். இருட்டறை இல்லாத பள்ளிக்குச் சயனோடைப் போதும். பெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெரிசயனைடு இரண்டையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, பிறகு கலந்து, மங்கிய விளக்கில் தாளில் பூசிக் காயவைத்து, மேலே பெரணி இலையை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீலப் படம் வந்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். 1842ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது; அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் கடல்பாசிகளை இதில் பதிக்க ஆரம்பித்துவிட்டார். மழைக்காலத்தில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள், வெயிலுக்குக் காத்திருந்தே ஆயுள் போய்விடும்.

முடிந்தால் ஒரு ரோல் பிலிமாவது எடுங்கள். இதைச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. அப்பா ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் கோட்டிங் பிரிவில் இருந்தார். 1960ல் தொடங்கி 1967ல் உற்பத்திக்கு வந்த கம்பெனி. ‘இந்து’ கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கிருந்துதான் போனது. வெளிச்சம் பட்டால் பாழாகும் சரக்கு, அதனால் வேலை முழுக்க இருட்டில். சுவரைத் தடவித்தான் நடப்பார்களாம். ஊர் மொத்தத்துக்கும் படமெடுக்கப் பிலிம் செய்த மனிதரிடம் ஒரு கேமரா இருந்ததில்லை. இன்று கம்பெனி இல்லை, ஊர்ப்பெயர் மட்டும் இருக்கிறது. யாராவது இதைத் தலைப்பாக எடுப்பார்களா என்று வருடா வருடம் பார்க்கிறேன்.

யாருடைய படங்களைப் பார்ப்பது

இணையத்தில் முதலில் வரும் மூன்று வெளிநாட்டுப் பெயர்களையே எல்லோரும் எழுதுகிறார்கள். பக்கத்திலிருந்து தொடங்குங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஏ.டி.டபிள்யூ. பென் எடுத்த தோடர் படங்களைப் பாருங்கள். அவர்களை யார் அப்படி நிற்கச் சொன்னது, யார் வாங்குவதற்காக என்று கேளுங்கள். அதற்குப் பக்கத்தில், கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களையும் மீனவப் பெண்களையும் எடுத்த பழனிகுமாரின் படங்களை வையுங்கள். எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் நடுவிலுள்ள தூரம் இரண்டிலும் எவ்வளவு என்பதை வைத்தே கட்டுரையில் பாதி எழுதிவிடலாம்.

ஒன்றையே திரும்ப எடுப்பது பற்றி எழுதுவதானால் ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெஹர் தம்பதி தண்ணீர்த் தொட்டிகளை வரிசை வரிசையாக எடுத்ததைச் சொல்வார்கள். நான் பழனி மலையைச் சொல்வேன். கோடைக்கானல் வானாய்வகத்தில் 1904லிருந்து சூரியனைத் தினமும் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மேகம் மறைத்த நாளைத் தவிர்த்து ஒரே வட்டம், நூறு வருடத்துக்கு மேல்.

கட்டுரைக்கு இன்னொன்று: ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி 1500 சொற்களை வீணாக்காதீர்கள். ஒரு கேள்வி, மூன்று அல்லது நான்கு படங்கள், அவற்றோடு உங்கள் படங்கள். அது போதும்.

அனுமதி

காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972ன்படி சரணாலயத்துக்குள் படமெடுக்கப் போவதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். முதுமலைச் சாலையில் வண்டியை விட்டு இறங்காதீர்கள். யானை நின்றால் படம் வேண்டாம். டிரோனை மறந்துவிடுங்கள். வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைப் பக்கம் கேமராவைப் பைக்குள் வையுங்கள், சுவர் எவ்வளவு அழகாகப் பாசி பிடித்திருந்தாலும் சரி. தோடர் மந்துக்குள், அதாவது அவர்கள் குடியிருப்புக்குள், கேட்காமல் போகக்கூடாது. கோவிலை எடுக்கலாமா என்று தனியாகக் கேட்க வேண்டும். தோட்டத்தில் தொழிலாளியிடமும் கேளுங்கள், மேஸ்திரியிடமும் கேளுங்கள். மேஸ்திரி சரி என்றால் தொழிலாளியும் சரி என்றதாக ஆகாது. எடுத்த படத்தில் ஒரு பிரதியை அவர்களுக்கு அச்சிட்டுக் கொடுங்கள். அடுத்த முறை டீ கிடைக்கும்.

அந்த 15 மணி நேரம்

பரீட்சை அறையில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க முடியாது. எடிட்டிங், சோதனை அச்சு, தேர்வு, இறுதி அச்சு, ஒட்டுவது என்று நேரத்தைப் பிரித்து முன்பே ஒரு முறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். ஒட்டுவதற்கு நினைத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். கரண்ட் போகும், மலையில் போகாத நாள் உண்டா? கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும், இரண்டும் ஒரே பையில் இருக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பட்டப்படிப்பு தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் உண்டு. ஒளிப்பதிவுக்குப் போவதானால் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலுள்ள அரசு நிறுவனம். அங்கே எந்தப் பாடங்கள் படித்திருக்க வேண்டும் என்பதைப் பதினோராம் வகுப்பில் சேரும் முன்பே அவர்கள் வெளியிடும் விவரக் குறிப்பில் பாருங்கள். அறிவியல் பாடத்தை விட்ட பிறகு வருந்திப் பயனில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலிலேயே 2001ல் தொடங்கிய லைட் அண்ட் லைஃப் அகாடமி இருக்கிறது. என்.ஐ.டி.யில் (நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன்) போட்டோகிராபி டிசைன் முதுகலை, அதற்கு முதலில் ஒரு பட்டம் வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளே, பாடம் இல்லை என்பதால் ஒர்க்புக் வைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பிளஸ் டூ இயற்பியலில் ஒளியியல் வருகிறது, லென்ஸ் சமன்பாட்டைக் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கடைசியாக அச்சு. நல்ல தாளில் அச்சிடப் பிள்ளைகளைக் கோயம்புத்தூருக்குத்தான் அனுப்புகிறேன். நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் பஸ் கோத்தகிரி வழியாகச் சுற்றும், சில நாள் அதுவும் ஓடாது. சமர்ப்பிக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பே போய்வந்துவிடுங்கள். அச்சுகளைச் சுருட்டாமல் இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வைத்து, மேலே பாலிதீன் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். மேலே கேரியரில் போடாதீர்கள், பர்லியாறு தாண்டினால் மழைதான்.